வெறுங்கால்களும் ஒரு கேடயமும்



வேலூர்க் கோட்டையைக் கண்டிராத மாணவர் எங்கள் பகுதியில் அரியர். அகழி சூழ்ந்த அந்தக் கோட்டைக்குள்ளே 1806-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் விடியுமுன்னே நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சியை நீங்கள் பாடநூல்களிலே படித்திருப்பீர்கள். அப்புரட்சிக்குரிய காரணங்களுள் ஒன்று ஒரு தலைப்பாகை. கும்பினியார் புதிதாக அணியும்படி கட்டளையிட்ட அந்தத் தலைப்பாகையிலே தோலாற் செய்த ஒரு சின்னம் இருந்தது. நெற்றியிலே சமயக் குறி இடலாகாது, தாடி வளர்த்தலாகாது என்ற கட்டளைகளும் உடன் வந்தன. ஒரு மனிதன் தன் தலைமேல் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இன்னொருவன் ஆணையிடும்போது உள்ளம் எவ்வாறு கொதிக்கும் என்பதற்கு அந்தக் கோட்டை சான்று.

தலையில் அணிவதைப் பற்றிய வரலாறு அது. இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது, காலில் ஒன்றும் அணியாமல் ஆடிய பத்துப் பேரையும், அவர்களோடு காலணி அணிந்து ஆடிய ஒருவரையும் பற்றிய வரலாறு. 1911-ஆம் ஆண்டு, இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரிலே, இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் கேடயத்துக்காக நடந்த போட்டிகளே என் பொருள்.

கணியம்பாடிக்காரனுக்குக் கல்கத்தாவின் பந்தாட்டத்தோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவு தோலால் வந்தது.

வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ளது எங்கள் ஊர். மேற்கே சென்றால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. கிழக்கே சென்றால் இராணிப்பேட்டை. இவையெல்லாம் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள். என் தந்தையார் ஆம்பூரில் அத்தகைய தொழிற்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியிலே ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலே நாட்கணக்காக இட்டு, பிறகு கடுக்காய்ச் சாற்றிலே தோய்த்து எடுப்பது அந்நாளைய முறை. அந்த வேலை செய்தவர்களின் கைகள் பழுப்பேறியிருக்கும். அந்த வாடை எத்தனை முறை குளித்தாலும் முற்றும் நீங்காது.

விடுமுறைக்கு ஊர் வரும்போது தந்தையார் தோல் வெட்டுத் துண்டுகளைக் கொண்டு வருவார். எங்கள் தெருவில் செருப்புத் தைத்த பெரியவர் ஒருவர் அவற்றைச் சேர்த்துத் தைத்து, உள்ளே கந்தலைத் திணித்து, எங்களுக்கு ஒரு பந்து செய்து கொடுத்தார். அந்தப் பந்து உருண்டையாயிருந்தது என்று சொன்னால் பொய்யாகும். ஆயினும் தோற்பந்து! ஏரிக்கரை ஓரத்துப் பொட்டலிலே வெறுங்காலோடு அதை உதைத்து ஆடிய மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒருநாள் வேற்றூர்ப் பிள்ளைகளோடு ஆடினோம். அவர்களுள் சிலர் காலணி அணிந்திருந்தனர். ஆட்டம் தொடங்குமுன் அவர்களுள் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பந்து நாறுகிறதா, பந்து கொண்டு வந்தவன் நாறுகிறானா என்று கேட்டான். மற்றவர்கள் நகைத்தனர். நாங்கள் அன்று தோற்றோம். பந்து எங்கள் கால்களுக்கு அடங்காமற் போகவில்லை. நாங்கள்தாம் தலை நிமிராமல் ஆடினோம்.

மறுநாள் வகுப்பிலே என் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டறிந்த வரலாற்று ஆசிரியர், அன்றைய பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, 1911-ஆம் ஆண்டின் கதையைச் சொன்னார். அன்று அவர் சொன்னதைப் பிற்காலத்தில் நூல்களிலே தேடிப் படித்தேன். சில இடங்களில் அவர் சொன்னதைவிட வரலாறு எளிமையாயிருந்தது. சில இடங்களில் அவர் சொன்னதைவிடக் கடுமையாயிருந்தது. அதையே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், அக்காலத்து ஆட்சியாளர் கையிலிருந்த ஓர் அளவுகோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1857-ஆம் ஆண்டின் பெரும்புரட்சிக்குப் பின்னர், இந்திய மக்களுள் சில குலத்தாரே பிறவியிற் போர்வீரர், மற்றவர் படைக்கு உதவார் என்ற கொள்கை ஆங்கிலேயப் படைத் தலைவர்களிடையே வலுப்பெற்றது. வங்காளியர் உடல் வலியற்றவர், மென்மையானவர், எழுத்தர் வேலைக்கே தகுந்தவர் என்று எழுதியும் பேசியும் வந்தனர்.

தென்னாட்டாரை இந்தக் கோல் விட்டுவைத்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்தவர் ராபர்ட்ஸ் என்பவர். தென்னாட்டு வீரர் வடமேற்கு மக்களுக்கு இணையாகார் என்பது அவர் முடிபு. பிறகு இந்தியப் படை முழுமைக்கும் அவர் தலைவரானபோது, சென்னைப் படைப்பிரிவுகள் பல கலைக்கப்பட்டன அல்லது வடநாட்டு வீரரைக் கொண்டு மாற்றியமைக்கப்பட்டன. எங்கள் கணியம்பாடியை அடுத்துள்ள கம்மவான்பேட்டையோ, வீடுதோறும் படைவீரரைத் தந்த ஊர் என்று பெயர்பெற்று, மக்கள் வாக்கிலே இராணுவப்பேட்டை என்றே வழங்குவது. அத்தகைய ஊர்கள் உள்ள நாட்டாரைத்தான் போருக்கு ஆகாதவர் என்று அந்தக் கோல் அளந்தது.

பிறப்பைக் கொண்டு உடலின் வலிமையை அளப்பது ஒரு வகை. செய்யும் தொழிலைக் கொண்டு மனிதனின் தகுதியை அளப்பது மற்றொரு வகை. இரண்டாவதை நாமே நமக்குள் செய்துகொண்டோம். மூக்கைப் பிடித்துக்கொண்ட அந்தப் பையனின் கையிலிருந்ததும் அத்தகைய ஒரு கோலே.

இனிப் பந்தாட்டத்துக்கு வருவோம். கால்பந்து ஆட்டத்தை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயப் படையினரும் வணிகரும் பள்ளி ஆசிரியருமே. 1888-ஆம் ஆண்டிலே சிம்லாவில் டூரண்டு கோப்பைப் போட்டி தொடங்கிற்று. 1889-இல் கல்கத்தாவில் டிரேட்ஸ் கோப்பை ஏற்பட்டது. 1893-இல் இந்தியக் கால்பந்துச் சங்கம் நிறுவப்பெற்று, அதே ஆண்டில் கேடயப் போட்டியும் தொடங்கியது. ஐரோப்பாவிலே பல நாட்டுக் கழகங்கள் கூடி ஆடிய மித்ரோபா கோப்பை 1927-இலும், ஐரோப்பியக் கோப்பை 1955-இலும்தான் தோன்றின என்பதை நினைத்தால், நம் நாட்டுக் கேடயம் எத்துணைப் பழமை வாய்ந்தது என்பது விளங்கும்.

இதில் தோற்ற குழு வெளியேறிவிடும். வென்ற குழுவே அடுத்த சுற்றுக்குச் செல்லும். ஆகவே ஒரு நாள் தடுமாற்றத்துக்கும் மன்னிப்பு இல்லை. 1893-இல் முதன்முதல் கேடயத்தைப் பெற்றது ராயல் ஐரிஷ் ரைபிள்ஸ் என்னும் படையணி. அன்று தொட்டு 1910 வரை, பதினெட்டு ஆண்டுகள், ஆங்கிலேயப் படையணிகளோ கல்கத்தாவின் ஐரோப்பியக் கழகங்களோதாம் அதனை வென்றுவந்தன. இந்தியக் கழகம் ஒன்றுகூட இறுதிப் போட்டியில் வெற்றி கண்டதில்லை.

ஆயினும் இந்தியர் வாளாவிருந்தனரல்லர். 1892-ஆம் ஆண்டிலேயே சோவாபஜார் என்னும் இந்தியக் கழகம், டிரேட்ஸ் கோப்பையிலே கிழக்கு சர்ரே படையணியை ஓர் ஆட்டத்தில் வென்றிருந்தது. 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வட கல்கத்தாவிலே மோகன் பகான் கழகம் தோன்றியது. அதன் செயலாளராக வந்த சைலேந்திரநாத் பாசு என்பவர் படையிலே சுபேதார் மேஜராக இருந்தவர். விளையாட்டுத் திறன் மட்டும் போதாது, மூச்சு நிற்கும் உடலும், கட்டுப்பாடும் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஓட்டமும் உடற்பயிற்சியும் அக்கழகத்தின் அன்றாடக் கடமைகளாயின. 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை மோகன் பகான் வென்றது. 1909-இல் கேடயப் போட்டியிலே நுழைந்து, கார்டன் ஹைலாண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படையணியிடம் தோற்றது.

மாணவர்களே, இந்தத் தோல்வியை நீங்கள் சிறப்பாக நினைவில் வைக்க வேண்டும். 1911-ஆம் ஆண்டின் வெற்றியை ஓர் அற்புதம் என்று பலர் சொல்வர். அற்புதம் என்பது காரணமின்றி வருவது. இது கழகம் தோன்றி இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, பயின்று, தோற்று, மீண்டும் பயின்று வந்தது.

1911-ஆம் ஆண்டு கேடயப் போட்டியில் மோகன் பகானின் முதல் ஆட்டம் ஜூலை 10-ஆம் நாள் நடைபெற்றது. வேலூர்ப் புரட்சியின் நாளும் அதுவே. இது தற்செயலான ஒற்றுமை. இதிலே மறைபொருள் காணுதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. அன்று செயின்ட் சேவியர் கல்லூரிக் குழுவை மூன்று கோல்களுக்கு ஒன்றுமில்லை என்ற கணக்கிலே மோகன் பகான் வென்றது. ஜூலை 14-இல் ரேஞ்சர்ஸ் கழகத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. ஜூலை 19-இல் எதிர்த்தது ரைபிள் பிரிகேடு என்னும் படையணி. ஒரே ஒரு கோலால் மோகன் பகான் வென்றது.

அந்த ஒரு கோலுக்குப் பின்னே நகரம் விழித்துக்கொண்டது என்று சொல்லலாம். கல்கத்தாவிலே ஜூலைத் திங்கள் மழைக்காலம். நனைந்த தோற்பந்து கல்லைப்போல் கனக்கும். சேறான தரையிலே இரும்பாணி அல்லது தோற்கட்டை பதித்த காலணி நிலத்தைப் பற்றிக்கொள்ளும், வெறுங்காலோ வழுக்கும். காலணியணிந்த காலின் உதை வெறுங்காலின் எலும்பிலே பட்டால் என்னாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வெறுங்காலுக்கு ஒரு நன்மையும் உண்டு. பந்தின் மேல் நேரே தொடும் உணர்ச்சியும், விரைந்து திரும்பும் எளிமையும் அதற்கு உள. ஆகவே உலர்ந்த தரையிலே வங்காளியர் வல்லவர், ஈரத் தரையிலே படையினர் வல்லவர் என்பது அந்நாளில் யாவரும் அறிந்த உண்மை.

ஜூலை 24-ஆம் நாள் அரையிறுதியிலே மிடில்செக்ஸ் படையணியை மோகன் பகான் எதிர்த்தது. ஆளுக்கொரு கோலாக ஆட்டம் சமமாக முடிந்தது. ஜூலை 26-இல் மீண்டும் ஆடினர். இம்முறை மூன்று கோல்களுக்கு ஒன்றுமில்லை என மோகன் பகான் வென்றது. அவ்வாட்டத்திலே மிடில்செக்ஸின் பந்துக் காவலர் பிகட் என்பவர் மோதலொன்றில் காயமுற்றார். காலணியணிந்தவர்க்கு மட்டுமே ஆட்டம் கடுமையாயிருக்கும் உரிமை இல்லை என்பதை அன்று எல்லோரும் கண்டனர்.

இறுதிப் போட்டி ஜூலை 29-ஆம் நாள், சனிக்கிழமை. எதிர்த்தது கிழக்கு யார்க்ஷயர் படையணி. இடம், வில்லியம் கோட்டைக்கு அண்மையிலுள்ள மைதானத்திலே, கல்கத்தா கால்பந்துக் கழகத்தின் ஆடுகளம். வங்காளத்தின் பல பகுதிகளிலிருந்தும், அண்டை நாடுகளிலிருந்தும் மக்கள் புகைவண்டிகளிலும் நீராவிப் படகுகளிலும் வந்து குவிந்தனர். நுழைவுச் சீட்டுகள் பன்மடங்கு விலைக்குக் கைமாறின. கூட்டம் அறுபதினாயிரத்துக்கு மேல் என்று மதிப்பிட்டோர் உண்டு. அவர்களுள் மிகப் பலர் ஆட்டத்தைக் காணவே முடியாத தொலைவில் நின்றவர். அவர்களுக்கு ஆட்டத்தின் நிலையை அறிவிக்கக் காற்றாடிகளைப் பறக்கவிட்டனர். வானத்திலே பறந்த காற்றாடியைப் பார்த்து, எத்தனை கோல் என்று அறிந்து, பல்லாயிரவர் ஒரே குரலில் ஆர்த்தனர்.

அன்று ஆடிய பதினொருவரின் பெயர்களையும் சொல்கிறேன், பொறுமையோடு கேளுங்கள். பந்துக் காவலர் ஹீராலால் முகர்ஜி. பின்காப்பாளர் பூதி சுகுல், சுதிர் சட்டர்ஜி. நடுவில் நின்றவர் மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீலமாதவ் பட்டாச்சாரியா. முன்னணியில் கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜயதாஸ் பாதுரி, தலைவர் சிவதாஸ் பாதுரி. இவர்களுள் கல்லூரி மாணவர் உண்டு. வயிற்றுப் பிழைப்புக்கு வேலை பார்த்தவர் உண்டு. காலணி அணிந்து ஆடியவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. அவர் கல்லூரி ஆசிரியர், கிறித்தவர். ஏனையோர் இந்துக்கள். வெற்றி பெற்றபின் இதுபற்றி எவரும் கேட்கவில்லை. இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடின்றி நகரமே கொண்டாடியது என்பதை அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதிவைத்தன.

முதற்கோலை அடித்தவர் யார்க்ஷயர் அணியைச் சேர்ந்த ஜாக்சன். தனி உதையாகக் கிடைத்த வாய்ப்பிலே அவர் உதைத்த பந்து வலைக்குள் புகுந்தது. இதுவரை எத்தனையோ முறை கண்ட காட்சிதானே இது என்று பலர் நினைத்திருப்பர். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தபோது, சிவதாஸ் பாதுரி பந்தைக் கொண்டுசென்று சமன் செய்தார். இன்னும் சில நிமிடங்களுக்குள் அவரே பந்தை அபிலாஷ் கோஷிடம் சேர்ப்பிக்க, அபிலாஷ் அதைக் கோலாக்கினார். இரண்டுக்கு ஒன்று. நடுவர் ஊதல் ஒலித்தது. இந்தியக் கழகம் ஒன்று கேடயத்தை முதன்முதலாக வென்றது.

இதன்பின் நடந்தவை பலவாறாகச் சொல்லப்படுகின்றன. வெற்றி ஊர்வலத்திலே முதியவர் ஒருவர் வில்லியம் கோட்டையின் மேலிருந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டி, அது எப்போது இறங்கும் என்று ஆட்டக்காரரிடம் கேட்டாராம். என் ஆசிரியர் இக்கதையைக் கண்கள் பனிக்கச் சொன்னார். இது செவிவழிக் கதை. இதனை ஆவணமாகக் கொள்ளலாகாது. ஆயினும் இத்தகைய கதை ஒன்று பிறந்ததும், மக்கள் அதைப் பேணிச் சொல்லிவந்ததும் வரலாற்று உண்மைகளே. மக்கள் அந்த வெற்றியை எப்படிப் புரிந்துகொண்டனர் என்பதற்கு அது சான்று.

இன்னொரு பேச்சும் உண்டு. 1905-இல் கர்சன் பிரபு செய்த வங்காளப் பிரிவினை 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் தில்லி தர்பாரிலே நீக்கப்பட்டது. அதே நாளில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதும் அறிவிக்கப்பட்டது. கேடயம் வென்ற ஆண்டிலேயே இவை நடந்தமையால், பந்தாட்டத்தின் அச்சமே இவற்றுக்குக் காரணம் என்பார் உளர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. பிரிவினை நீங்கியது ஆறாண்டுக் காலச் சுதேசிக் கிளர்ச்சியால். எண்ணற்றவர் அடிபட்டும் சிறைப்பட்டும் நடத்திய போராட்டத்தால். அவர்கள் பெற்ற பயனைப் பதினொரு ஆட்டக்காரரின் தலையில் வைத்தல் அவர்களுக்கும் நியாயமன்று, ஆட்டக்காரர்க்கும் நியாயமன்று.

அப்படியானால் அந்த வெற்றி செய்தது என்ன? அந்த அளவுகோலை முறித்தது. இதை விளக்க வேண்டும். மற்ற இடங்களிலெல்லாம் ஆள்பவனே சட்டம் செய்தான், ஆள்பவனே அளந்தான், ஆள்பவனே தீர்ப்பும் சொன்னான். விளையாட்டுக் களத்தில் மட்டும், தான் எழுதிய விதிக்குத் தானும் கட்டுப்பட்டு நின்றான். இரு பக்கமும் பதினொருவர், ஒரே பந்து, ஒரே நேரம், ஒரே நடுவர். உடலிலே வங்காளியர் தாழ்ந்தவர் என்ற கூற்று உண்மையானால் அது புலப்பட வேண்டிய இடம் அதுவே. அங்கே அது பொய்யாயிற்று. அதுவும் வென்றவர் காலிலே காலணியின்றி!

ஆனால் முறிந்த கோலை ஆள்பவர் உடனே எறிந்துவிட்டனர் என்று நினைக்காதீர்கள். என் ஆசிரியர் சொல்லாமல் விட்ட கடுமையான பகுதி இது. கல்கத்தாவிலே 1898 முதல் லீக் போட்டி ஒன்று நடந்துவந்தது. அதில் ஆடும் உரிமை ஐரோப்பியக் குழுக்களுக்கே இருந்தது. கேடயம் வென்ற மோகன் பகானுக்கு 1911-இல் அங்கே இடமில்லை, 1912-இல் இல்லை, 1913-இலும் இல்லை. 1914-இல்தான் இரண்டாம் பிரிவிலே இடம் கிடைத்தது. 1915-இல் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் கூடா என்ற வரம்பு அதன்பின்னும் சில ஆண்டுகள் இருந்தது. வென்றவனையும் வாயிலிலே நிறுத்திவைக்கும் வழக்கம் உலகில் உண்டு என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். அறிந்தால்தான் சோர்வு தோன்றாது.

அடுத்து ஓர் இந்தியக் கழகம் கேடயத்தை வெல்ல இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1936-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் அதை வென்றது. 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டத்தையும் அக்கழகமே பெற்றது. 1940-இல் டூரண்டு கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகமும் அதுவே. பெங்களூர் முதலிய வெளியூர்களிலிருந்தும் ஆட்டக்காரரைத் தேடிச் சேர்த்ததோடு, மழை பெய்து தரை ஈரமானால் காலணி அணிந்து ஆடும் பழக்கத்தையும் அக்கழகம் மேற்கொண்டது. மோகன் பகான் மீண்டும் கேடயத்தைப் பெற்றதோ 1947-இல். நாடு விடுதலை பெற்ற ஆண்டில்.

இங்கே காலணியைப் பற்றி ஒரு சொல். வெறுங்கால் வெற்றியை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் வெறுங்காலையே பெருமையாக்கிவிடக் கூடாது. 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர் பிரான்சு நாட்டை எதிர்த்தபோது பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றனர். இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன் என்பவர். அன்று கிடைத்த இரண்டு தண்டனை உதைகளை இந்தியர் தவறவிட்டனர். 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரிலே யூகோசுலாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றனர். அதன் பின்னரே காலணி கட்டாயமாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1956-இல், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்று வென்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஆகவே 1911-இல் வென்றவர்கள் காலணி இல்லாமையால் வென்றனர் என்பது பிழை. காலணி இல்லாமலும் வென்றனர் என்பதே சரி. இந்த ஓர் உம்மையிலே வரலாறு அடங்கியிருக்கிறது.

காலணி ஏன் இல்லை? பழக்கம் ஒரு காரணம். விலை மற்றொரு காரணம். இதை நினைக்கும்போது தோல் நாட்டைச் சேர்ந்த எனக்கு மனம் சற்றே கசக்கும். அந்நாளிலே சென்னை மாகாணத்திலிருந்து பாதி பதனிட்ட தோல்கள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குச் சென்றன. 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரின்போது, ஆங்கிலப் படைவீரரின் காலணிகளுக்கு மேற்றோலாக இத்தோல்களை அரசே தன் கட்டுப்பாட்டில் வாங்கியது. எங்கள் பக்கத்துத் தொழிலாளி தொட்டியிலே நின்று பதனிட்ட தோல் கடல் கடந்து எவர் காலையோ காத்தது. அவன் கால் வெறுங்காலாகவே இருந்தது. இன்று ஆம்பூரில் தைக்கும் காலணிகள் உலகின் பல நாடுகளுக்குச் செல்கின்றன. தைப்பவரின் பிள்ளைகளும் காலணி அணிந்து பள்ளிக்குச் செல்கின்றனர். இது சிறிய மாற்றமன்று.

இறுதியாக, நான் முன்னே சொன்ன ராபர்ட்ஸின் கோல் என்னாயிற்று என்று நீங்கள் கேட்க வேண்டும். நீலகிரியிலே வெல்லிங்டனில் உள்ளது மெட்ராஸ் படைப்பிரிவின் பயிற்சி நிலையம். அந்த நிலையத்தின் கால்பந்துக் குழு 1955-ஆம் ஆண்டிலும் 1958-ஆம் ஆண்டிலும் டூரண்டு கோப்பையை வென்றது. அக்குழுவின் பந்துக் காவலராக விளங்கியவர் பீட்டர் தங்கராஜ். மெல்போர்னிலும், பின்னர் 1960-இல் ரோமாபுரியிலும் நம் நாட்டு அணியில் இடம்பெற்றவர். ஆங்கிலேயப் படையினர் தமக்கென்று தொடங்கிய கோப்பை. தென்னாட்டார் போருக்கு ஆகார் என்று சொன்ன அதே படை மரபிலே வந்த தென்னாட்டு அணி அதை இருமுறை கொண்டுவந்தது. இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுமா?

என் ஆசிரியர் அன்று கதையை முடித்தபின் என்னை அருகே அழைத்தார். "தம்பி, அந்தப் பையன் உன்னை மோந்து பார்த்தான்; உன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நீயும் அவன் சொன்னதைத்தான் நினைத்தாய், பந்தை நினைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் நீயாவது பந்தைப் பார்" என்றார்.

அடுத்த ஆட்டத்திலும் நாங்கள் வெல்லவில்லை. சமமாக முடித்தோம். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் எங்கள் கோணற்பந்தைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை யார் தைத்தது என்று கேட்டான். செருப்புத் தைக்கும் பெரியவரின் வீட்டை நான் காட்டினேன். மறுவாரம் அவனும் ஒரு பந்து தைத்து வாங்கிச் சென்றான்.

மாணவ நண்பர்களே! கேடயங்கள் அலமாரியிலே கறுத்துப் போகும். ஜூலை 29-ஆம் நாளை இன்றும் ஆண்டுதோறும் மோகன் பகான் நாளாகக் கொண்டாடுகின்றனர் என்றால், அது அந்த உலோகத் தகட்டுக்காக அன்று. பிறப்பையும் தொழிலையும் கொண்டு ஒருவனை அளக்க வருபவனிடம், களத்துக்கு வந்து அளந்து பார் என்று சொல்லும் துணிவை அந்நாள் தந்தது. அந்தத் துணிவுக்கு முன்னே இருபத்திரண்டு ஆண்டுப் பயிற்சி இருந்தது என்பதையும் மறவாதீர்கள். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.